பெஞ்சமினை வைத்த இடம்

கைலாசபுரம்
20-2-2025

ஆரோக்கியராஜ் அவர்களுக்கு,

உமாவின் அம்மா ஜோதி எழுதுவது. அஞ்சாம் வகுப்பில் கடிதம் எழுதக் கற்றுக்கொடுத்தபோது முதலில் நலம் விசாரிக்க வேண்டும் என்று டீச்சர் சொன்னார். உங்களிடம் அதை எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. அதனால் விட்டுவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

உங்கள் வீட்டு ஜன்னல் ஓரம் இருந்த மரத்தை எடுத்துக்கொண்டு வந்தது நான்தான்.

முப்பதாம் நாள் பூசைக்கு நீங்கள் எல்லாரும் உங்கள் கோயிலுக்குக் கிளம்பினீர்கள். உங்கள் அம்மா என்னையும் கூப்பிட்டார். தலை சுற்றுகிறது என்று சொல்லி வீட்டிலேயே இருந்துவிட்டேன். அது பொய். இறந்தவர்கள் பெயரோடு சேர்த்து உமா பெயரையும் வாசிப்பார்கள் என்று யாரோ சொன்னார்கள். அதைக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

தனியாக இருந்தபோது அவளுடையது ஏதாவது ஒன்று வேண்டும் போல இருந்தது. சேலை எடுக்கலாம் என்று பீரோவைத் திறந்தேன். அவள் மடித்து வைத்த மடிப்பு அப்படியே இருந்தது. கலைக்க மனசு வரவில்லை. திரும்பினால் இந்த மரம். என் தோள் உயரம். சின்னச் சின்ன இலை, எல்லாம் தலை குனிந்து தொங்குகிறது. தண்டை ஒரு குச்சியோடு சேர்த்து, தலைக்குப் போடுகிற ரப்பர் பேண்டால் கட்டியிருந்தாள். அதில் அவள் முடி ஒன்று சிக்கியிருந்தது. தொட்டியில் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு. அந்த வீட்டில் அவள் கை பட்டதில் உயிரோடு இருந்தது அது ஒன்றுதான். தூக்கிக்கொண்டு இறங்கி ஆட்டோ பிடித்துவிட்டேன். கேட்டு எடுத்திருக்க வேண்டும். கேட்டால் தரமாட்டீர்கள் என்று நினைத்தேன்.

வந்த மூன்றாம் நாளிலிருந்து இலை கொட்டுகிறது. வெயில் படட்டும் என்று பால்கனியில் வைத்தேன். காலையும் சாயந்தரமும் நிறையத் தண்ணீர் ஊற்றுகிறேன். ஊற்ற ஊற்றக் கொட்டுகிறது. பச்சையாகவே விழுகிறது. பாதிக்கு மேல் போய்விட்டது. அவள் என்ன செய்வாள் என்று மட்டும் சொல்லுங்கள். இதுவும் என் கையில் போய்விடக் கூடாது.

நாலு தடவை போன் போட்டேன். முதல் தடவை எடுத்ததும் கட் ஆகிவிட்டது, பிறகு நீங்கள் எடுக்கவே இல்லை. பக்கத்து வீட்டு மும்தாஜ், "வாட்ஸப்புல கேளுங்கக்கா, நான் அடிச்சுத் தரேன்"னு சொன்னாள். அதில் நீலக் கோடு வந்ததா வரவில்லையா என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்க என்னால் ஆகாது. தபாலில் போட்டால் போனது போனதுதான்.

ஜோதி


ஸ்ரீரங்கம்
24-2-2025

உமாவின் அம்மாவுக்கு,

நீங்கள் எடுத்துப் போனது எனக்கு அன்றைக்கே தெரியும். கீழ்வீட்டு ரங்கநாயகி மாமி, நாங்கள் படியேறும்போதே, "உங்க மாமியார் ஒரு விருட்சத்தையே ஆட்டோவில ஏத்திண்டு போறாளே, ஆத்தையே காலி பண்றேளா?" என்று கேட்டார்.

தண்ணீர் ஊற்றுவதை இன்றோடு நிறுத்துங்கள். வெயிலிலிருந்து உள்ளே எடுத்து, வெளிச்சம் வருகிற ஜன்னல் பக்கத்தில் வையுங்கள். வெயில் நேராகப் படக் கூடாது. ஃபேன் காற்று நேராக அடிக்கக் கூடாது. பிறகு தொடாதீர்கள். அதற்கு இடம் மாறினால் ஆகாது. மாற்றினால் இலை கொட்டும். கொட்டுவதைப் பார்த்துப் பயந்து எல்லாரும் தண்ணீர் ஊற்றுவார்கள். அதில்தான் வேர் அழுகிச் சாகும்.

சுண்டு விரலை மண்ணுக்குள் இரண்டு கணு விடுங்கள். மண் ஒட்டிக்கொண்டு வந்தால் தண்ணீர் வேண்டாம். ஒட்டாமல் வந்தால் ஒரு சொம்பு. கீழே தட்டில் வடிகிற தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். இலையை ஈரத் துணியால் துடைப்பாள், வியாழக்கிழமை. அந்தப் பொட்டு அழகுக்கு வைத்தது இல்லை. பொட்டு இருக்கிற பக்கம் ஜன்னலைப் பார்க்க வேண்டும். தொட்டி கழுவும்போது திசை மாறிவிடக் கூடாது என்று ஒட்டினாள்.

திருப்பிக் கொண்டுவர வேண்டாம். இன்னொரு பயணம் தாங்காது. போன் செய்ய வேண்டாம்.

அவள் கை பட்டதில் உயிரோடு இருந்தது அது ஒன்றுதான் என்று எழுதியிருக்கிறீர்கள். நானும் அந்த வீட்டில்தான் இருக்கிறேன்.

ஆரோக்கியராஜ்


கைலாசபுரம்
5-3-2025

தம்பிக்கு,

கடைசி வரியைப் படித்துவிட்டு ஒரு வாரம் பதில் எழுத முடியவில்லை. தப்பாக எழுதிவிட்டேன். மன்னிக்கணும்.

நீங்கள் சொன்னபடி உள்ளே எடுத்து வைத்தேன். ஹாலில் வடக்கு ஜன்னல் ஓரம், டிவி ஸ்டாண்டை நகர்த்திவிட்டு. பொட்டு இதுவரை என்னைப் பார்த்த மாதிரி இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டுதான் காலையில் எழுவேன். இப்போது அது வெளியே பார்க்கிறது. நான் முதுகைப் பார்க்கிறேன். பரவாயில்லை.

தினமும் கேன்டீனிலிருந்து வந்ததும் கையைக் கழுவிவிட்டு மண்ணில் விரல் வைக்கிறேன். இன்னும் ஒட்டுகிறது. ஒரு வாரமாகத் தண்ணீர் விடவில்லை. நாள் முழுக்க வெங்காயம் நறுக்கின கை, அதற்குப் பிடிக்குமோ என்னவோ. விழுகிற இலையைக் குப்பையில் போடவில்லை. ஒரு துணிப்பையில் சேர்க்கிறேன். மேல் கிளையில் பதினோரு இலை இருக்கிறது. மும்தாஜ் வந்து பார்த்துவிட்டு, "அக்கா, மரம் எங்க? இது குச்சிக்கா. இன்னொரு குச்சி நட்டா கொடி கட்டித் துணி காயப்போடலாம்" என்கிறாள். திட்டி அனுப்பினேன். மறுநாள் அவளே வந்து, சத்தம் போடாமல் மண்ணில் விரல் வைத்துப் பார்க்கிறாள்.

தம்பி, ஒன்று கேட்கிறேன். கேட்காமல் இருக்க முடியவில்லை. அவளுக்கு அஞ்சாம் மாசத்திலேயே பிரஷர் இருந்தது என்று முப்பதாம் நாள் அன்றைக்கு உங்கள் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஏழாம் மாசம் வலிப்பு வந்து, தாயும் போய் வயிற்றில் இருந்ததும் போன பிறகு தெரிந்து நான் என்ன செய்ய? எங்களுக்குள் பேச்சு இல்லைதான். ஆனால் பிரஷர் என்று ஒரு வார்த்தை யாராவது சொல்லியிருந்தால் ஓடி வந்திருப்பேன். உப்பில்லாமல் சமைத்துப் போட்டுப் பக்கத்திலேயே கிடந்திருப்பேன். நீங்கள் ஏன் சொல்லவில்லை?

போன் ஏன் வேண்டாம் என்கிறீர்கள்? அவ்வளவு வெறுப்பா?

ஜோதி


ஸ்ரீரங்கம்
12-3-2025

உமாவின் அம்மாவுக்கு,

கேட்டுவிட்டீர்கள். சொல்கிறேன்.

தீபாவளிக்கு முந்தின நாள் நாங்கள் கைலாசபுரம் வந்தோம். டாக்டர் பிரஷர் என்று சொன்ன வாரம் அது. அதைச் சொல்லத்தான் வந்தாள். நான் கீழே வண்டியோடு நின்றேன். அவள் மட்டும் படியேறினாள். அஞ்சு நிமிஷத்தில் இறங்கி வந்தாள். "அம்மா உள்ளதான் இருக்காங்க. கதவைத் தட்டினேன். யாருன்னு கேட்டாங்க. நான்தான்னு சொன்னேன். அப்புறம் சத்தமே இல்லை" என்றாள். வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகு, "குரல் நல்லா தெளிவா இருக்குங்க. போன வருஷம் மாதிரி சளி கட்டலை" என்று சந்தோஷமாகச் சொன்னாள். பாலம் வரும் வரைக்கும் அழவில்லை. பாலத்தில் அழுதாள்.

சொல்லவில்லை என்று என்னைக் கேட்கிறீர்கள்.

எல்லாம் எதற்காக? ஒரு செடிக்காக. "பெஞ்சமின் இருக்கிற வீட்டுக்கு நான் வரமாட்டேன். அது வேணுமா நான் வேணுமா முடிவு பண்ணிக்க" என்று நீங்கள் போனில் சொன்னபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். எனக்குக் கோபம் வந்தது. அவளுக்கு வரவில்லை. "கிள்ளினா பால் வடியற மரத்தை எங்க துறையூர்ப் பக்கம் வீட்டுக்குள்ள வைக்க மாட்டாங்க. நான் மாசமா இருக்கேன்ல, அம்மா பயப்படுறாங்க" என்று உங்களுக்காக என்னிடம் வாதாடினாள். நீங்கள் வந்துவிடுவீர்கள் என்று பெஞ்சமினைப் பால்கனிக்கு மாற்றினாள். இலை கொட்டியது. நீங்களும் வரவில்லை. திரும்ப உள்ளே கொண்டு வந்து வைத்தாள்.

பெஞ்சமினுக்காகப் பெற்ற பெண்ணை வேண்டாம் என்றீர்கள். அதே பெஞ்சமினைத் திருட்டுத்தனமாக ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய், இலை கொட்டுகிறது, என்ன செய்யட்டும் என்று எனக்கே கடிதம் எழுதுகிறீர்கள். நான் என்ன சொல்ல வேண்டும்?

ஆரோக்கியராஜ்


கைலாசபுரம்
15-3-2025

தம்பிக்கு,

எழுத்துக் கூட்டி மூன்று தடவை படித்தேன். பிறகு மும்தாஜைக் கூப்பிட்டு அந்த இடத்தை மட்டும் வாசிக்கச் சொன்னேன். எனக்குத்தான் படிக்கத் தெரியவில்லையோ என்று. அவளும் அப்படித்தான் வாசித்தாள்.

பெஞ்சமின் என்பது இந்த மரமா?

நான் நினைத்தது வேறு, தம்பி. எப்படி எழுதுவேன்.

ஆவணி மாசம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவளுக்கு மூன்றாம் மாசம். நான் போன் போட்டேன். "ஒரு நிமிஷம் இரும்மா" என்று போனை எங்கோ வைத்தாள். உள்ளே நீங்கள் இரண்டு பேரும் பேசுவது கேட்டது. "பெஞ்சமின் இங்கதான் வளரணும்" என்று அவள் சொன்னாள். "உன்னைவிட உசரமா வளருவான் பாரு" என்று நீங்கள் சொன்னீர்கள். "பெஞ்சமின் பெரிசாயிட்டா இந்த வீடு பத்தாதுங்க" என்று சொல்லி அவள் சிரித்தாள்.

வயிற்றில் இருக்கிற பிள்ளைக்குத்தான் பெயர் வைத்துவிட்டீர்கள் என்று நினைத்தேன். சத்தியமாக வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை. செடிக்கு யாராவது பெஞ்சமின் என்று பெயர் வைப்பார்களா?

எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியாது. முதல் பேரன் என்றால் தாத்தா பெயர்தான். உமா அப்பா பெயர் ஆண்டி. அவர் ஃபாக்டரியில் விழுந்து இறந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. அந்தப் பெயரைக் கூப்பிட இந்த வீட்டில் ஆள் இல்லை. ஒரு பேரன் வந்தால் வாய் நிறையக் கூப்பிடலாம் என்று அவள் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்த நாளிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தேன். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லையே, கட்டிக்கொடுத்ததும் எங்கள் ஆளையே மறந்துவிட்டாளே என்று வயிறு எரிந்தது. போனை வைத்துவிட்டேன்.

மறுநாள் நான் திரும்பப் போட்டு அந்த வார்த்தையைச் சொன்னேன். அதற்கு அவள் என்ன சொன்னாள் என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? எனக்கு ஒரு எழுத்து மறக்கவில்லை. "அதுக்கா இவ்வளவு கோவம்? வச்சா என்னம்மா ஆயிடப் போகுது?" என்றாள். நான் "மாத்துடி" என்றேன். "வச்சாச்சும்மா. இனிமே மாத்தினா அதுக்கு ஆகாது" என்றாள்.

நான் பெயரை மாற்றச் சொன்னேன். அவள் தொட்டியை மாற்ற முடியாது என்று சொல்லியிருக்கிறாள்.

அதற்குப் பிறகு அவள் போட்ட எந்தப் போனையும் நான் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் ஒரே நிமிஷத்தில் தெரிந்திருக்கும்.

தீபாவளிக்கு முந்தின நாள் நான் முறுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். யாரு என்று கேட்டேன். நான்தான் என்றாள். கை மாவோடு கதவுப் பக்கத்தில் வந்து நின்றேன். தாழ்ப்பாளில் கையை வைத்தேன். "பேரை மாத்திட்டேம்மான்னு சொல்லட்டும், திறக்கிறேன்" என்று நின்றேன். அவள் மூச்சு வாங்குகிற சத்தம் மட்டும் கேட்டது. படி ஏறினதால் என்று நினைத்தேன். பிறகு செருப்புச் சத்தம். தாழ்ப்பாளில் மாவு காய்ந்திருந்தது. மறுநாள் துடைத்தேன்.

இனி நீங்கள் எனக்கு எழுத வேண்டாம் என்று நினைத்தால் எழுத வேண்டாம். மரத்தில் ஒரு இலைகூட இல்லை.

ஜோதி


ஸ்ரீரங்கம்
26-3-2025

அம்மாவுக்கு,

பத்து நாளாக எழுதி எழுதிக் கிழித்தேன்.

உங்கள் கடிதத்தைப் பொன்மலை ரயில்வே ஒர்க் ஷாப்பில் டீ நேரத்தில் பிரித்தேன். படித்ததும் முதலில் சிரித்துவிட்டேன். பக்கத்தில் இருந்த தைரியராஜ், "என்னடா, ரெண்டு மாசத்துக்கு அப்புறம் பல்லைக் காட்டுற" என்றான். உமா இருந்திருந்தால் தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாள். "அம்மா, அம்மா, அது செடிம்மா" என்று போன் போட்டிருப்பாள். அதை நினைத்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. அன்றைக்கு அதற்கு மேல் வேலை செய்ய முடியவில்லை.

முக்கொம்பு போய்விட்டுத் திரும்பும்போது ரோட்டோர நர்சரியில் வாங்கினோம். இது என்ன செடி என்று கேட்டதற்கு நர்சரிக்காரர், "பெஞ்சமின்ங்க. அத்தி ஜாதி. வீட்டுக்குள்ள வளரும், ஆனா ரோஷக்காரன். வச்ச இடத்தை மாத்தினா இலையைக் கொட்டிக் காமிப்பான்" என்றார். அன்றிலிருந்து பெஞ்சமின்தான். வீடு வரைக்கும் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். பெட்ரோல் பங்க்கில், "பெஞ்சமினுக்கு வெயில் அடிக்குது, சீக்கிரம் போடுங்க" என்று பெட்ரோல் போடுகிறவரை விரட்டினாள்.

பிள்ளைக்கு வைக்க இருந்த பெயரைச் சொல்கிறேன். சொல்லலாமா கூடாதா என்றுதான் பத்து நாளும் யோசித்தேன்.

உங்கள் வழக்கம் எனக்குத் தெரியும். உமா சொல்லியிருக்கிறாள். பையன் பிறந்தால் அவள் அப்பா பெயர்தான் என்று நாங்கள் சண்டைகூடப் போடவில்லை. ஆனால், "ஆண்டின்னு வச்சா ஸ்கூல்ல பசங்க ஓட்டுவாங்களே" என்று கவலைப்பட்டாள். ஒருநாள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் சோப்புக் கையோடு ஓடி வந்து, "ஏங்க, ஆண்டனி! ரெஜிஸ்டர்ல ஆண்டனி. எங்கம்மா ஆண்டின்னு கூப்பிடட்டும். உங்கம்மா ஆண்டனின்னு கூப்பிடட்டும். ரெண்டு கிழவிக்கும் சண்டை வராது" என்றாள். குழந்தை பிறந்ததும் உங்கள் காதில்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று என்னை யாரிடமும் சொல்லவிடவில்லை.

பையன்தான். கல்லறையில் அவள் பெயருக்குக் கீழே அந்தப் பெயரையும் போட்டிருக்கிறேன்.

போனுக்கு வருகிறேன். வெறுப்பு இல்லை. முதல் தடவை நீங்கள் போன் போட்டபோது எடுத்தேன். நீங்கள் "ஹலோ, நான்தான்" என்றீர்கள். அது அவள் குரல். அப்படியே அவள் குரல். உங்கள் இரண்டு பேரையும் பக்கத்தில் வைத்துக் கேட்டபோது இது எனக்குத் தெரிந்ததே இல்லை. நான் கட் செய்துவிட்டேன். அதற்குப் பிறகு உங்கள் நம்பர் வந்தால் கையில் வைத்துக்கொண்டு மணி நிற்கும் வரை பார்த்துக்கொண்டிருப்பேன். நானும் போன் எடுக்காத ஆளாகத்தான் இருக்கிறேன்.

இலை எல்லாம் போனதால் மரம் செத்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். தண்டில், மண்ணுக்கு ஒரு சாண் மேலே, நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள். உள்ளே பழுப்பாகக் காய்ந்திருந்தால் முடிந்தது. பச்சையாக இருந்து பால் கசிந்தால் உயிர் இருக்கிறது.

என்ன வந்தாலும் எழுதுங்கள்.

ஆரோக்கியராஜ்


கைலாசபுரம்
9-4-2025

மாப்பிள்ளைக்கு,

இப்படி உங்களைக் கூப்பிட்டதே இல்லை. கல்யாணம் ஆகி மூன்று வருஷத்தில் "அவர்", "உன் வீட்டுக்காரர்" என்றே ஓட்டிவிட்டேன். இன்றைக்கு எழுதிப் பார்க்கிறேன்.

உங்கள் கடிதம் வந்து பன்னிரண்டு நாளாகக் கீறிப் பார்க்கவில்லை. பயம். கீறாத வரைக்கும் உயிர் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம் அல்லவா. வேலைக்குப் போய் வந்தேன், ஜன்னலைத் திறந்தேன், விரல் வைத்துப் பார்த்தேன். இப்போது மண் ஒட்டுவதில்லை. ஒரு சொம்பு ஊற்றினேன். தட்டில் வடிந்ததைக் கொட்டினேன். துடைக்க இலை இல்லை. அதனால் வியாழக்கிழமை வெறும் கிளையைத் துடைத்தேன். மும்தாஜ் கேலி செய்யவில்லை.

நேற்று சாயந்தரம் ஃபாக்டரியில் ஆறு மணிச் சங்கு ஊதினதும் எழுந்து போய் நகத்தை வைத்தேன். கொஞ்சம் ஆழமாகவே போய்விட்டது. முதலில் ஒன்றும் இல்லை. பிறகு ஒரு பொட்டு. வெள்ளையாக. கடுகு அளவு இருந்தது, பார்த்துக்கொண்டே இருக்கும்போது மிளகு அளவு ஆகி வழிந்தது.

எங்கள் ஊரில் பால் மரம் வீட்டுக்குள் ஆகாது என்று சொல்வது நிஜம்தான். நானே பத்துப் பேருக்குச் சொல்லியிருக்கிறேன். அந்தப் பாலைத் துடைக்கவும் மனசு வரவில்லை, வழியவிடவும் மனசு வரவில்லை. முந்தானையால் ஒத்தினேன். கறை பிடித்துவிட்டது. துவைக்கவில்லை.

ஆண்டனி என்று எனக்குச் சொல்ல வராது. நாக்கு புரளவில்லை. ஆண்டி என்றே கூப்பிட்டுப் பார்த்தேன், வீட்டில் யாரும் இல்லாதபோது. உமா அப்பாவைக் கூப்பிட்ட மாதிரியும் இருந்தது, பிள்ளையைக் கூப்பிட்ட மாதிரியும் இருந்தது. அவள் சரியாகத்தான் யோசித்திருக்கிறாள்.

இன்றைக்குக் காலையில் நுனிக் கிளையில் ஊசி மாதிரி ஒன்று நீட்டிக்கொண்டிருக்கிறது. பச்சை. நேற்று இல்லை. மும்தாஜ் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து பார்த்து, "இலைதான்க்கா. சுருட்டி வச்ச பாய் மாதிரி இருக்கு பாருங்க" என்றாள்.

மாப்பிள்ளை, மரம் உங்களுடையது. நான் திருடினதுதான். திருப்பித் தர எனக்குச் சம்மதம். ஆனால் இப்போது தூக்கினால் அந்த ஊசியும் விழுந்துவிடும். மரத்தை இனிமேல் மாற்ற முடியாது. அதனால் நீங்கள் வரணும். வந்து பார்த்துவிட்டுப் போங்கள். மண்ணில் உங்கள் விரலையும் ஒரு தடவை வையுங்கள். அதற்கு உங்கள் கை தெரிந்திருக்கும்.

என் குரல் உங்களுக்குக் கஷ்டம் என்றால் நான் பேச மாட்டேன். மும்தாஜைக் காபி கொடுக்கச் சொல்கிறேன். நான் சமையல்கட்டில் வாயை மூடிக்கொண்டு இருந்துவிடுவேன். ஒரு நாள்தானே, என்னால் முடியும்.

ஜோதி


ஸ்ரீரங்கம்
17-4-2025

அத்தைக்கு,

ஈஸ்டர் முடிந்து அடுத்த ஞாயிறு, 27-ம் தேதி, காலையில் வருகிறேன். அது வரைக்கும் அந்த ஊசியைத் தொடாதீர்கள். மும்தாஜ் அக்காவையும் தொடவிடாதீர்கள்.

இங்கே ஜன்னல் ஓரத்தில் தொட்டி இருந்த இடத்தில் தரையில் ஒரு வட்டம் இருக்கிறது. அம்மா வந்தபோது தேய்த்துக் கழுவப் போனார். வேண்டாம் என்றேன். நீங்கள் மரத்தை எடுத்துப் போன அன்றைக்கு அந்த வட்டத்தின் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். உங்கள் மேல் இருந்த கோபத்தில் அன்றைக்கு ஒரு பொழுது அழாமல் இருந்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டாம். நேர்மாறாக ஒன்று கேட்கிறேன். கேட்பது சரியா தெரியவில்லை.

நான் வேலை முடிந்து வந்தால் வண்டிச் சத்தம் தெருமுனையிலேயே அவளுக்குத் தெரியும். மாடிப்படியில் என் செருப்புச் சத்தமும் தெரியும். ஆனாலும் கதவைத் தட்டினால் உள்ளே இருந்து "யாரு?" என்று கேட்பாள். ஒருநாள் விடாமல். "யாருன்னு தெரியாதா?" என்றால், "தெரியும். கேட்கணும்ல" என்பாள். பெஞ்சமின் வந்த பிறகு நான், "பெஞ்சமின் அப்பா" என்று சொல்வேன். "அவர் இன்னும் வரலியே, நீங்க யாரு?" என்று இன்னும் இரண்டு நிமிஷம் வெளியே நிற்க வைப்பாள். எதிர்வீட்டுக்காரர்கள் எல்லாம் பார்ப்பார்கள்.

இப்போது என் சாவியில் நானே திறந்து நுழைகிறேன். மூன்று மாதமாக யாரும் என்னை யாரு என்று கேட்கவில்லை.

அந்தக் கதவுக்கு உள்ளே நின்று இனி அந்த வார்த்தையைச் சொல்ல உங்களுக்கு மனசு வருமா என்று தெரியவில்லை. முடியவில்லை என்றால் வேண்டாம். முடிந்தால், நான் தட்டியதும் உடனே திறக்காமல், ஒரே ஒரு தடவை கேளுங்கள்.

ஆரோக்கியராஜ்


கைலாசபுரம்
21-4-2025

மாப்பிள்ளைக்கு,

ஊசி விரிந்துவிட்டது. என் சுண்டு விரல் நகம் அளவு இலை. பளபளவென்று இருக்கிறது. அதற்குக் கீழே இன்னும் இரண்டு ஊசி. துடைக்கலாமா என்று கேட்கலாம் என்றிருந்தேன். நீங்கள் வந்து துடையுங்கள். துணி எடுத்து வைத்திருக்கிறேன், அவளுடைய பழைய பாவாடைத் துணி.

நீங்கள் கேட்டதைப் பற்றி. தீபாவளிக்குப் பிறகு நான் யாரு என்று கேட்பதையே விட்டுவிட்டேன். யார் தட்டினாலும் பேசாமல் போய்த் திறந்துவிடுவேன். மும்தாஜ்கூட, "திருடன் வந்தாலும் திறப்பீங்களாக்கா" என்று திட்டுவாள். கடிதம் வந்ததும் கதவுக்கு உள்ளே நின்று சொல்லிப் பார்த்தேன். இரண்டு தடவை வரவில்லை. மூன்றாம் தடவை வந்தது. ஞாயிற்றுக்கிழமைக்குள் நன்றாக வந்துவிடும்.

காலையில் இட்லியும் கோழிக் குழம்பும் வைக்கிறேன். பஸ்ஸில் வர வேண்டாம், வண்டியிலேயே வாருங்கள். திரும்பிப் போகும்போது எனக்கு அந்தக் கல்லறையைக் காட்டணும். நான் இன்னும் பார்க்கவில்லை. வண்டியில் பின்னால் உட்கார்ந்து வருவேன்.

நான் ஒன்று சொல்கிறேன், அதை நீங்கள் செய்யணும். நான் யாரு என்று கேட்டால் நான்தான் என்று சொல்லாதீர்கள். அந்தப் பதிலுக்கு நான் ஒரு தடவை திறக்காமல் நின்றிருக்கிறேன். அவளிடம் சொன்ன மாதிரியே என்னிடமும் சொல்லுங்கள். பெஞ்சமின் அப்பா என்று. சத்தமாகச் சொல்லுங்கள், பக்கத்து வீட்டுக்கெல்லாம் கேட்கட்டும்.

உங்களை வெளியே நிற்க வைக்க மாட்டேன். தாழ்ப்பாள் போட்டிருக்க மாட்டேன். சும்மா சாத்தி மட்டும் வைத்திருப்பேன்.

அத்தை
ஜோதி